தோல்வியைத் தாங்கும் கைகள்



மாலை நேரத்தில் தோட்டத்து ஒட்டுக்கடையில் நான்கு பேர் கூடிவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் காற்பந்தில் வந்து நிற்கும். இது நம் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கிலும் உண்டு. சிகாமட்டிலும் லாபிசிலும் உண்டு. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன குடும்பங்களிலும் உண்டு. "மலேசியா கண்ட ஆட்டக்காரர்களுள் மிகப் பெரியவர் யார்?" என்று ஒருவர் கேட்பார். அவ்வளவுதான், தேநீர் ஆறிப் போகும்.

ஒருவர் "சூப்பர்மோக்" என்று பெயர் பெற்ற மொக்தார் டஹாரியைச் சொல்வார். இன்னொருவர், தற்காப்பு வரிசையில் மலைபோல் நின்றதால் "தவுக்கே" என்று அழைக்கப்பட்ட சோ சின் ஆனைச் சொல்வார். மூலையில் அமர்ந்திருக்கும் பெரியவர், "அதெல்லாம் சரி தம்பி, நம்ம ஆறுமுகத்தை மறந்துட்டியா? ஸ்பைடர்மேன் ஆறுமுகம்!" என்பார். பிறகு குரல் உயரும். யாரும் யாரையும் ஒப்புக்கொள்ளாமல் கலைந்து போவார்கள். மறுநாள் அதே இடத்தில் அதே பேச்சு மீண்டும் தொடங்கும்.

இப்படி வாதாடுவதில் தவறில்லை. ஆனால், எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதை ஒரு நாளாவது நின்று யோசிக்க வேண்டும். மரத்தில் வடியும் பாலை லிட்டரில் அளக்கலாம். செம்பனைக் குலையைத் தராசில் நிறுக்கலாம். ஓர் ஆட்டக்காரரின் பெருமையை எதில் நிறுப்பது? கோல் கணக்கா? வென்ற கிண்ணங்களா? இவை இரண்டும் போதா என்பதையும், மூன்றாவதாக ஓர் அளவுகோல் உண்டு என்பதையும் இன்று பார்ப்போம். அந்த மூன்றாவது அளவுகோல், ஒருவர் தம் தோல்வியை எப்படித் தாங்குகிறார் என்பதுதான்.

தோல்வியைப் பற்றிப் பேச வேண்டுமானால், திடலில் இருக்கும் பதினொரு பேரில் முதலில் பார்க்க வேண்டியவர் கோல்காவலர். ஏன் என்பதைச் சற்று விளக்குவோம்.

கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள அகலம் 24 அடி. தரையிலிருந்து குறுக்குக் கம்பம் வரை உயரம் 8 அடி. ஆக, ஒரு மனிதர் காக்க வேண்டிய பரப்பு 192 சதுர அடி. இரு கைகளையும் முழுவதுமாக விரித்தாலும் அவர் கைக்கெட்டும் அகலம் ஆறடி சொச்சந்தான். பினால்டி உதைக்கும் இடம் கோல் கோட்டிலிருந்து 12 கஜத் தொலைவில், அதாவது ஏறத்தாழ 11 மீட்டரில் இருக்கிறது. பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தொலைவைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் 0.4 வினாடி. "ஒன்று" என்று வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும். பந்து வரும் திசையை நன்றாகப் பார்த்துவிட்டுப் பிறகு பாய்வது என்பது நடவாத காரியம். உதைப்பவரின் இடுப்பையும் காலையும் பார்த்து, முன்கூட்டியே ஒரு பக்கத்தைத் தீர்மானித்துத்தான் அவர் பாய வேண்டும். தீர்மானம் தவறினால் ஆள் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். பார்க்கிற நாம் சிரிக்கிறோம்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. தாக்குதல் ஆட்டக்காரர் ஆறு முறை உதைத்து, ஐந்து முறை வெளியே அடித்துவிட்டு, ஆறாவது முறை கோல் போட்டால் அவரைத் தோளில் தூக்குகிறோம். கோல்காவலர் ஐந்து முறை பிடித்து, ஆறாவது முறை தவறவிட்டால் அவரைத் திட்டுகிறோம். இருவரின் தவறுகளையும் எண்ணிப் பாருங்கள். முதலாமவர் ஐந்து முறை தவறினார். இரண்டாமவர் ஒரே ஒரு முறைதான் தவறினார். ஆயினும் அந்த ஒரு தவறு மட்டுமே கோல் எண்ணிக்கைப் பலகையில் ஏறுகிறது. மற்ற ஐந்தும் காற்றோடு போய்விடுகின்றன.

அப்படியானால், தோல்வி என்று நாம் எண்ணுவதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தோல்வியை மட்டுந்தான். தெரிகிற இடத்தில் நிற்பவர்தான் பழியைச் சுமக்கிறார்.

இது நம் காற்பந்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் ஃபுட்பால் என்று சொன்னால் அது வேறோர் ஆட்டம். பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், எதிரியை மோதித் தள்ளுவார்கள். அங்கும் ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். அவர்களுள் பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று கண நேரத்தில் முடிவு செய்பவரைக் 'குவார்ட்டர்பேக்' என்கிறார்கள். வென்றால் மாலை அவருக்கு. தோற்றால் வசையும் அவருக்கே. அந்த நாட்டுத் தேநீர்க் கடைகளில் நடக்கும் வாதம், குவார்ட்டர்பேக்குகளுள் பெரியவர் யார் என்பதுதான்.

அந்த வாதத்தில் இரண்டு பெயர்கள் அடிக்கடி மோதும். ஜோ மொன்டானா என்பவர் 'சூப்பர் பௌல்' என்னும் இறுதியாட்டத்தில் நான்கு முறை ஆடி நான்கிலும் வென்றவர். டாம் பிரேடி என்பவர் பத்து முறை ஆடி, ஏழில் வென்று மூன்றில் தோற்றவர். "மொன்டானா இறுதியாட்டத்தில் தோற்றதே இல்லை, ஆகவே அவரே பெரியவர்" என்று ஒரு சாரார் சொல்வதுண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். இறுதியாட்டத்துக்கு வந்து தோற்றவர் குறைந்தவராம். அந்த ஆண்டு இறுதியாட்டத்துக்கே வராதவருக்கு மட்டும் குறையே இல்லையாம்! பிரேடி 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆடிய இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தில் அவருடைய குழு 18 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பத்தொன்பதாவது ஆட்டமாகிய இறுதியாட்டத்தில் 17க்கு 14 என்று தோற்றது. ஊர் பேசியது அந்த ஒன்றைத்தான். அவரோ மேலும் பல ஆண்டுகள் ஆடி, அதன் பிறகு நான்கு முறை அதே கிண்ணத்தை வென்றார்.

இங்கும் அதே விந்தைதான். வந்து நின்று தோற்றது எண்ணப்படுகிறது. வராமலே போனது எண்ணப்படுவதில்லை. இந்தக் கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

1986ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டம் நம் ஜொகூர்க்காரர்களுக்கு மறக்க முடியாதது, மறக்க விரும்பியதும்கூட. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1985இல், ஜொகூர் குழு கோலாலம்பூரை 2க்கு 0 என்று வென்று, முதல் முறையாக மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அதே குழு மறு ஆண்டும் இறுதிக்குப் போயிற்று. சிலாங்கூரிடம் 6க்கு 1 என்று தோற்றது. ஆறு கோல்கள்! ஆனால் அந்த ஆண்டு மலேசியக் கிண்ணத்துக்கு ஆடிய மற்றக் குழுக்களை நினைத்துப் பாருங்கள். அவற்றுள் எதுவும் அந்த ஆறு கோல்களை வாங்கும் இடத்துக்கே வரவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1991இல், ஜொகூர் மீண்டும் இறுதிக்கு வந்தது. எதிரே நின்றது அதே சிலாங்கூர். இம்முறை 3க்கு 1 என்று வென்றது ஜொகூர். அதே ஆண்டில் லீக் பட்டத்தையும் சேர்த்தே வென்றது.

கெடா மாநிலத்தின் கதை இதைவிடக் கடினமானது. 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கெடா இறுதியாட்டத்துக்கு வந்தது. மூன்று முறையும் எதிரி கோலாலம்பூர். மூன்று முறையும் தோல்வி. ஒரு முறை தோற்றால் அழலாம். இரண்டாம் முறை கோபப்படலாம். மூன்றாம் முறையும் அதே எதிரியிடம் தோற்றால், "நமக்கு ராசியில்லை" என்று சொல்லிப் பந்தைப் பரண்மேல் போட்டுவிடத் தோன்றும் அல்லவா? கெடா போடவில்லை. நான்காம் ஆண்டாகிய 1990இலும் இறுதிக்கு வந்து, சிலாங்கூரை 3க்கு 1 என்று வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது.

இக்காலப் பிள்ளைகளுக்கு ஜொகூர் டாருல் தக்சிம் என்றால் வெற்றி ஒன்றுதான் தெரியும். 2014 தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இடைவிடாமல் லீக் பட்டம் வென்ற குழு அது. அந்தக் குழுவும் தோல்வியைத் தின்று வளர்ந்ததுதான். 2013இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் கிளந்தானிடம் தோற்றது. 2014இல் மலேசியக் கிண்ண இறுதியில் பகாங்கிடம் பினால்டியில் தோற்றது. அடுத்த ஆண்டு, 2015இல், தஜிகிஸ்தான் நாட்டின் துஷான்பே நகரில் ஆடி ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்றது. தென்கிழக்காசியாவிலிருந்து அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் குழு அதுவே.

இவையெல்லாம் குழுக்களின் கதை. இனித் தனி மனிதரைப் பார்ப்போம். தனி ஒருவர்மேல் பழி விழும்போது என்ன நடக்கிறது? இரண்டு நாட்டுக் கோல்காவலர்களின் வாழ்க்கையை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலாமவர் பிரேசில் நாட்டு மொவாசிர் பார்போசா. 1950ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், ரியோ நகரின் மரக்கானா அரங்கில், ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் முன்னிலையில் பிரேசிலும் உருகுவேயும் உலகக் கிண்ணத்துக்காக மோதின. சமநிலை கண்டாலே பிரேசிலுக்குக் கிண்ணம். இரண்டாம் பாதியில் 1க்கு 1 என்று இருந்தது. உருகுவேயின் முதல் கோல், கிஜியா என்ற ஆட்டக்காரர் வலப்புறமாக ஓடிவந்து பந்தை நடுவே தள்ளியதால் விழுந்தது. ஆட்டம் முடியப் பதினொரு நிமிடம் இருக்கையில் அதே கிஜியா அதே பக்கமாக ஓடிவந்தார். இம்முறையும் நடுவேதான் தள்ளுவார் என்று எண்ணிப் பார்போசா ஓர் அடி முன்னே நகர்ந்தார். கிஜியா நேராகக் கோலை நோக்கி உதைத்தார். பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் இடையே இருந்த சிறு சந்தில் பந்து நுழைந்தது. பிரேசில் தோற்றது.

அவர் எண்ணியதில் அறிவுக்குறைவு ஏதுமில்லை. முன் நடந்ததை வைத்து அடுத்து வருவதைக் கணித்தார். கணிப்பு தவறியது, அவ்வளவே. ஆனால் அந்த நாடு அவரை மன்னிக்கவில்லை. அன்று ஆடிய பதினொரு பேரின் தோல்வி, பெரும்பாலும் ஒருவர் தலையில் சுமத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அவர் இறக்கும் வரை, ஐம்பது ஆண்டுகள், அந்த ஒரு கோலைக் கொண்டே ஊர் அவரை அடையாளம் காட்டியது.

இரண்டாமவர் சோவியத் நாட்டு லெவ் யாஷின். 1962ஆம் ஆண்டு சிலி நாட்டில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், கொலம்பியாவுக்கு எதிராக அவருடைய குழு 4க்கு 1 என்று முன்னணியில் இருந்தது. பிறகு கொலம்பியா மூன்று கோல்கள் போட்டு 4க்கு 4 ஆக்கிவிட்டது. அவற்றுள் ஒன்று, மூலையிலிருந்து உதைத்த பந்து வேறு யார்மீதும் படாமல் நேரே கோலுக்குள் போனது. காலிறுதியில் சோவியத் குழு சிலியிடம் 2க்கு 1 என்று தோற்று வெளியேறியது. பழி யாஷின் மேல் விழுந்தது. அவர் காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். சொந்த நாட்டு ரசிகர்களே கேலி செய்தார்கள்.

யாஷின் என்ன செய்தார்? ஒதுங்கி ஓய்ந்தார், மீண்டும் பயிற்சிக்கு வந்தார், மீண்டும் கம்பங்களுக்கு நடுவே நின்றார். மறு ஆண்டு, 1963இல், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கு உரிய தங்கப் பந்து விருதைப் பெற்றார். அந்த விருதைப் பெற்ற ஒரே கோல்காவலர் அவர்தாம்.

பார்போசாவும் தோல்விக்குப் பிறகு தம் கிளப்புக்காகத் தொடர்ந்து ஆடினார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அவர் மனம் உடைந்து ஓடிவிடவில்லை. அப்படியானால் இருவருக்கும் வேறுபாடு எங்கே? யாஷினுக்கு நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பி வர வாசல் திறந்திருந்தது. பார்போசாவுக்கு அது ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் அவர் நாட்டுக்காக ஆட முடிந்தது. தோல்வியைத் தாங்குவது தோற்றவரின் கடமை மட்டுமன்று. அவரைச் சுற்றி இருப்பவர்களின் கடமையும் ஆகும்.

அதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஆசியான் நாடுகளுக்கிடையிலான கிண்ணப் போட்டி. மலேசியக் குழுவின் பயிற்றுநர் கே. ராஜகோபால், நம்மவர். முதல் ஆட்டத்திலேயே ஜாகர்த்தாவில் இந்தோனேசியா மலேசியாவை 5க்கு 1 என்று அடித்து அனுப்பியது. அந்த இரவில் அவரையும் அவருடைய இளம் ஆட்டக்காரர்களையும் ஏசாத வாய் குறைவு. குழு அடுத்து தாய்லாந்துடன் கோலின்றிச் சமநிலை கண்டது. லாவோசை 5க்கு 1 என்று வென்றது. அரையிறுதியில் வியட்நாமை வென்றது. இறுதியில் எதிரே வந்து நின்றது யார் தெரியுமா? அதே இந்தோனேசியா! புக்கிட் ஜாலிலில் மலேசியா 3க்கு 0 என்று வென்றது. மறு ஆட்டம் ஜாகர்த்தாவில், அதே ஊரில், அதே கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே. தொடக்கத்திலேயே இந்தோனேசியாவுக்குப் பினால்டி கிடைத்தது. இளம் கோல்காவலர் கைருல் ஃபாமி அதைப் பிடித்தார். அன்றைய ஆட்டத்தில் மலேசியா 2க்கு 1 என்று தோற்றாலும், இரண்டு ஆட்டங்களையும் கூட்டி 4க்கு 2 என்ற கணக்கில் கிண்ணம் நமக்கு வந்தது. 29 நாட்களுக்குள் 5க்கு 1 என்ற அவமானம் வெற்றியாக மாறியது. முதல் ஆட்டம் முடிந்த அன்றே பயிற்றுநரை விரட்டியிருந்தால் இது நடந்திருக்குமா?

இனி நாம் மூலையில் அமர்ந்திருந்த பெரியவரிடம் வருவோம். அவர் சொன்ன ஆறுமுகத்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆர். ஆறுமுகம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மலேசியக் குழுவின் கோல்காவலராக விளங்கியவர். நீண்ட கைகள் அவருக்கு. சிலந்தி வலை பின்னுவது போல் கோலின் எந்த மூலைக்கும் அந்தக் கைகள் எட்டும். ஆகவே "ஸ்பைடர்மேன்" என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். ஒரு தமிழர் பந்தைப் பிடிக்கும்போது மலாய்க்காரரும் சீனரும் சீக்கியரும் தமிழரும் ஒருங்கே எழுந்து நின்று கைதட்டிய காலம் அது.

1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெறும் ஆட்டங்கள் கோலாலம்பூரில் நடந்தன. மெர்டேகா அரங்கத்தில் தென்கொரியாவை மலேசியா 2க்கு 1 என்று வென்று மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றது. சோ சின் ஆன், சந்தோக் சிங், ஜேம்ஸ் வோங், ஹசான் சானி, ஆறுமுகம் என்று பல இனத்தவரும் தோளோடு தோள் நின்று பெற்ற வெற்றி. ஆனால் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததை எதிர்த்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன, மலேசியாவும் புறக்கணித்தது. நம் குழுவின் இடத்தில் ஈராக் ஆடியது.

நேயர்களே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தோற்றிருந்தால், "இன்னும் நன்றாக ஆடியிருக்கலாம்" என்று எண்ணித் தேறலாம். வென்றும் போகாமல் இருந்ததற்கு என்ன சொல்லித் தேறுவது? ஆட்டக்காரரின் குற்றம் எதுவும் இல்லாத இழப்பு அது. இந்த வகை இழப்பு தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. நன்றாக உழைத்தும், நம் கையில் இல்லாத ஒரு முடிவால் வீட்டையும் வேலையையும் இழந்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. ஆறுமுகம் கையுறையைக் கழற்றி எறிந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கம்பங்களுக்கு நடுவே நின்றார். 1988 டிசம்பரில் ஒரு கார் விபத்து 35 வயதிலேயே அவரைக் கொண்டுபோய்விட்டது. 1980ஆம் ஆண்டுக் குழுவின் கதையைத் தழுவி 2016இல் "ஓலா போலா" என்ற மலேசியத் திரைப்படம் வந்தபோது, அதில் முத்து என்ற தமிழ்க் கோல்காவலரைக் கண்ட பெரியவர்கள் பலருக்கு ஆறுமுகத்தின் நினைவு வந்தது.

தோல்வியை அழகாகத் தாங்குவது எல்லாருக்கும் எப்போதும் கைகூடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குவார்ட்டர்பேக்குகளுள் பெருமை பெற்ற பேய்ட்டன் மேனிங், 2010ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் தோற்றவுடன் எதிரணியின் கையைக் குலுக்காமல் திடலை விட்டுச் சென்றார். பலர் குறை கூறினார்கள். சிலர், "வலியில் இருப்பவரை விடுங்கள்" என்றார்கள். கைகொடுப்பது நல்ல பண்புதான், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதுதான். ஆனால் தோற்ற அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடுவது சரியாகாது. அடுத்த வாரம் அவர் பயிற்சிக்கு வருகிறாரா என்பதே பெரிய கேள்வி.

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் குழுவைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 3க்கு 0 என்று தோற்றது. இரண்டே நாளில் அமெரிக்காவை அதே 3க்கு 0 என்ற கணக்கில் வென்றது. அதற்கு அடுத்த ஆட்டத்தில் மொரோக்கோவிடம் 6க்கு 0 என்று தோற்றது. தோல்வி, வெற்றி, மறுபடியும் தோல்வி. வாழ்க்கையும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகிறது. அதற்காக அந்தக் குழுவை நாம் சிறியதென்று சொல்வதில்லை. ஒலிம்பிக் திடலில் நின்ற குழு என்றே சொல்கிறோம்.

இவ்வளவும் எதற்காகச் சொல்ல வந்தோம்? நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் திடலில் நடக்கும் ஆட்டத்தில், பந்தைக் கால்களுக்கிடையே விட்டுவிட்ட ஒரு சிறுவனை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். திடலோரத்தில் நின்று கத்தியவர்களுள் நாமும் ஒருவராக இருந்திருக்கிறோம். "உனக்கெல்லாம் எதுக்குடா கையுறை?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தோம். மறு ஞாயிறு அவன் வரவில்லை. அவன் வராததை யாரும் கவனிக்கவில்லை. வராதவனை எண்ணும் வழக்கம் நமக்கு இல்லை அல்லவா?

பள்ளிப் படிப்பிலும் இதே கதைதான் நடக்கிறது. தேர்வு எழுதித் தவறிய பிள்ளையை ஏசுகிறோம். எழுதாமலே ஒதுங்கிய பிள்ளையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதைப் பார்க்கும் தம்பி தங்கைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? எழுதினால்தானே தவறுவோம், எழுதாவிட்டால் ஏச்சும் இல்லை என்று கற்றுக்கொள்கிறார்கள். இதைவிடப் பெரிய தோல்வி ஒரு குடும்பத்துக்கு வேறில்லை.

எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. இது பல பெற்றோருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாடங்களை மீண்டும் எழுத வழி உண்டு என்பது எல்லாருக்கும் தெரிவதில்லை. முடிவு வந்த அன்று வீட்டில் எழும் கூச்சலில், "மறுபடியும் எழுதலாம்" என்ற ஒரு சொல் அமுங்கிப் போகிறது. அந்தச் சொல்லை முதலில் சொல்லுங்கள். ஏச வேண்டியதை மறுநாள் ஏசிக்கொள்ளலாம். மறுநாள் ஏசத் தோன்றாமலும் போகலாம்.

தோற்று வரும் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். "இதில் உன் பங்கு எவ்வளவு?" என்பது முதல் கேள்வி. எல்லாம் என் குற்றம் என்றும் சொல்லக் கூடாது. எல்லாம் பிறர் குற்றம் என்றும் சொல்லக் கூடாது. பதினொரு பேரின் தோல்வியில் ஒருவரின் பங்கு எதுவோ அதை மட்டும் அவன் எடுத்துக்கொள்ளட்டும். "அடுத்த முறை எதை மாற்றுவாய்?" என்பது இரண்டாவது. பார்போசாவைப் போல் ஓர் அடி முன்னே நகர்ந்தோம் என்று தெரிந்தால், அடுத்த முறை அந்த அடியைச் சிந்தித்து வைக்கலாம். "மறுபடியும் எப்போது போகிறாய்?" என்பது மூன்றாவது. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் தோல்வியில் பாதி தீர்ந்தது.

ஒட்டுக்கடை வாதத்துக்கு வருவோம். மொக்தார் டஹாரியா, சோ சின் ஆனா, ஆறுமுகமா? தீர்ப்பை உங்களிடமே விட்டுவிடுகிறோம். அதை நாம் இங்கே முடித்துவிட்டால் நாளைக்கு உங்களுக்குப் பேச்சு இருக்காது. ஆனால் நாளை வாதாடும்போது, யார் எத்தனை கோல் போட்டார், யார் எத்தனை கிண்ணம் தூக்கினார் என்பதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: தோற்ற மறுநாள் அவர் எங்கே நின்றார்?

இன்று மாலை உங்கள் திடலில் ஒரு சிறுவன், கம்பத்துக்குப் பதிலாக இரண்டு கற்களை நட்டு, அவற்றுக்கு நடுவே நிற்பான். பந்து அவனைத் தாண்டிப் போனால், "பரவாயில்லை தம்பி, நில்லு" என்று ஒரு குரல் கொடுங்கள். அந்தக் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.